ரப்பர் தவளையை விரால் அடிக்கிறது, ஆனால் மாட்டுவதில்லை. ஏன்?

கேள்வி: எஸ்டேட்டில் வளர்ந்து, ராணுவத்தில் 21 வருடம் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவை வார இறுதியில் சிலாங்கூரில் டெங்கில் பக்கம் ஒரு பழைய லொம்போங்குக்கு (கைவிட்ட வெள்ளீயச் சுரங்கக் குளம்) கூட்டிப் போகிறேன். ரப்பர் தவளை (தவளை வடிவப் போலி இரை) போட்டால் ஹருவான், அதாவது விரால், நன்றாக அடிக்கிறது, ஆனால் பத்துத் தடவை அடித்தாலும் ஒன்றுகூட மாட்டுவதில்லை. என்ன தவறு?

பதில்:

பெரும்பாலும் அவசரம்தான். தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டதும் கை தானாகவே ராடை (தூண்டில் கோலை) மேலே இழுத்துவிடும். விரால் கீழிருந்து வந்து, வாயைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்துத் தவளையை உறிஞ்சுகிறது. வாயை மூடித் தலையைக் கீழே திருப்பும்போதுதான் தூண்டில் முள் வாயோரத்தில் வந்து நிற்கும். அதற்குள் இழுத்தால் தவளை திறந்த வாயிலிருந்து பறந்து வரும்.

அடி விழுந்ததும் ராட் நுனியை மீன் பக்கம் தாழ்த்துங்கள். தொங்கும் நூலை ரீலில் சுற்றி எடுங்கள். 'ஒன்று, ரெண்டு' என்று மனதுக்குள் எண்ணுங்கள். நூல் விறைத்து, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு பலமாக மேலே வாங்குங்கள். வெளியே இரட்டை முள் தெரியும், ஜம்ப் ஃப்ராக் என்கிற கெட்டித் தவளைக்கு ஒரு எண்ணிக்கை போதும். உள்ளே காற்று அடைத்த மெத்து ரப்பர் தவளைக்கு இரண்டு எண்ணிக்கை வேண்டும். கண்ணால் சிதறலைப் பார்த்து இழுக்காமல், கையில் கனம் தெரிந்து இழுக்கப் பழகுவதுதான் கஷ்டம். இரண்டு மூன்று வாரம் ஆகும்.

அடுத்து முள்ளைப் பாருங்கள். மெத்துத் தவளையில் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். புல்லில் மாட்டாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பல தவளைகளில் அளவுக்கு மீறி ஒட்டியிருக்கும். குறட்டால் இரண்டு முனையையும் லேசாக வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள், முதுகிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி நின்றால் போதும். கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பாருங்கள்: முனை வழுக்கிப் போனால் மொட்டை, நகத்தைக் கவ்வி நின்றால் சரி. விராலின் வாய் மேற்கூரை எலும்பு. மொட்டை முள் அதில் ஏறவே ஏறாது. தவளைக்குள் தண்ணீர் புகுந்தால் வால் தாழ்ந்து முள் தண்ணீருக்குள் அமுங்கும், அதனால் அஞ்சாறு தடவை வீசியதும் ஒரு முறை பிழிந்துவிடுங்கள்.

மூன்றாவது காரணம் நூல். சாதா நைலான் நூல் ரப்பர் மாதிரி இழுபடும். இருபது மீட்டர் தள்ளி நீங்கள் இழுக்கும் இழுப்பில் பாதி நூலிலேயே போய்விடும். 30 பவுண்டு தாங்கும் பிரெய்டட் (பின்னல்) நூல் போடுங்கள். முன்னால் அரை மீட்டர் அளவுக்கு 40 பவுண்டு நைலான் லீடர் (தவளையோடு கட்டும் முன்துண்டு) வேண்டும், பல்லில் உராய்ந்தாலும் தாங்கும். இரண்டையும் டபுள் யூனி முடிச்சில் சேர்க்கலாம்: பிரெய்டட் பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் நாலு சுற்று. எச்சிலில் நனைத்து மெதுவாக இறுக்குங்கள், காய்ந்து இறுக்கினால் நைலான் சூட்டில் பலம் போய்விடும். ராட் ஆறடி, ஆறரை அடி, நடுத்தரத்துக்குச் சற்று விறைப்பானது. அப்பாவுக்கு 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் வாங்கிக் கொடுங்கள். பெயிட்காஸ்டிங் ரீலில் கட்டைவிரல் ஒரு நொடி தவறினால் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கும், அதைப் பிரிப்பதிலேயே காலை போய்விடும்.

வீசும்போது மீன் இருக்கும் இடத்தின் தலைமேலேயே போடாதீர்கள். கியாம்பாங் (மிதக்கும் நீர்ச்செடி), ஆகாயத்தாமரை ஓரத்துக்கு ஒரு மீட்டர் தாண்டி விழட்டும். இலைமேல் இழுத்து, திறந்த தண்ணீரில் இறங்கியதும் ஒரு வினாடி நிறுத்துங்கள். அந்த நிறுத்தத்தில்தான் நிறைய அடி விழும். காலை 7 முதல் 9.30 வரை, மாலை 5.30 முதல் இருட்டும் வரை நல்ல நேரம். தவறிப்போன மீனுக்கு அரை நிமிடம் விட்டு அதே வரியில் மறுபடி வீசுங்கள், பெரும்பாலும் திரும்பி வரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே இடத்தில் அடித்து அடித்து விடுகிறதென்றால், கவனித்துப் பாருங்கள். தண்ணீர்மேல் ஒரு தட்டு அகலத்துக்கு, சின்ன மழை பெய்கிற மாதிரி புள்ளி புள்ளியாகக் கலங்கும். கிட்டப் போனால் செம்மஞ்சள் நிறத்தில் விரல் நகம் அளவு குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கி இறங்குவது தெரியும். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அவை அடிப்பது தின்ன அல்ல, விரட்ட. அதனால்தான் வாயில் வைத்திருப்பதில்லை. தயவுசெய்து அங்கே வீசாதீர்கள். பெரிசைத் தூக்கிவிட்டால் காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். இருபது அடி தள்ளிப் போனால் வேறு மீன் இருக்கும். எலெக்ட்ரிக் ஷாக், விஷம் வைத்துப் பிடிப்பவர்களைப் பார்த்தால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். அது சட்டப்படி குற்றம்.

வெள்ளீயச் சுரங்கம் தோண்டிய லொம்போங் சாதாரணக் குளம் இல்லை. கரையிலிருந்து இரண்டே எட்டில் திடீரென ஆழம் இறங்கும், ஓரத்து மணல் சரியும், அடியில் வண்டல் காலை இழுக்கும். மாட்டிக்கொண்ட தவளையை எடுக்க இறங்கவே இறங்காதீர்கள், பத்து இருபது ரிங்கிட் தவளைதான். ரப்பர் பூட்ஸ் போடுங்கள்: காலில் கீறல் இருந்தால், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரலாம். எஸ்டேட் பாரிட்டில் (வாய்க்காலில்) போடுவதானால் முதலில் மேனேஜரிடம் அனுமதி கேளுங்கள். களைக்கொல்லி அடித்த வாரத்தில் அங்கே பிடித்ததைச் சமைக்க வேண்டாம்.

மீன் மாட்டியதும் நூலைத் தளர விடாமல் இலைமேலேயே இழுத்து வாருங்கள். வேருக்குள் புகுந்தால் முறுக்கி அறுத்துக்கொள்ளும். கரையில் வலையில் வாங்கி, மூக்கு நீண்ட குறட்டால் முள்ளை எடுங்கள். ஒரு அடிக்குக் குறைந்ததைத் திருப்பி விடுங்கள். பிரசவம், ஆபரேஷன் ஆனவர்களுக்கு ரசம் வைக்க உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோவதானால், வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி இறுக்கி மூடாதீர்கள். விரால் மேலே வந்து காற்றை மூச்சு வாங்கும் மீன், காற்று கிடைக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். முதுகு நனையும் அளவு தண்ணீர், மேலே ஈரச் சாக்கு, சாக்குக்கு மேல் துளை போட்ட மூடி. மூடியில் ஒரு கல்லும் வையுங்கள், துள்ளிக் குதித்துத் திறந்துவிடும்.