இளகிய மனசு மட்டும் இருந்தால் நர்ஸ் ஆகிவிடலாமா?

அம்மா, "என் பொண்ணு யார் அழுதாலும் கூடச் சேர்ந்து அழுதுடுவா, ரத்தத்தைப் பார்த்தா மயக்கமே வந்துடும், இவளுக்கு நர்ஸ் வேலை சரிப்பட்டு வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்த பயத்தை இப்போதைக்கு விடுங்கள். பயிற்சியின் தொடக்கத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிடும் மாணவிகள் உண்டு. பெரும்பாலும் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். நான் முதலில் கேட்பது, அவள் எதையும் கூர்ந்து கவனிக்கிற பிள்ளையா என்றுதான்.

நோயாளி நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறார் என்று எண்ணுவது சின்ன வேலைதான். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும். ஆனால் நம் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சின் போக்கு மாறிவிடும். அதனால் நல்ல நர்ஸ், நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே, கண்ணை நெஞ்சின் ஏற்ற இறக்கத்தில் வைத்து, ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவார். காலையில் 16 இருந்தது மாலையில் 26 ஆகியிருந்தால், "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று நோயாளியே சொன்னாலும் டாக்டரைக் கூப்பிடுவார். உடல்நிலை மோசமாவதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் மூச்சும் ஒன்று. முந்தைய ஷிஃப்ட்டில் எழுதியிருந்த எண்ணையே திரும்ப எழுதிவிட்டுப் போகிறவர் கண்ணுக்கு இது தட்டுப்படவே படாது.

அடுத்தது கணக்கு. 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. 0.5 என்பதை 5 என்று படித்துவிட்டால் மருந்து பத்து மடங்கு உள்ளே போய்விடும். கைவிளக்கோடு மட்டுமே நாம் நினைத்துப் பார்க்கும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கணக்கில் புலி. கிரிமியப் போரில் காயங்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால்தான் அதிக வீரர்கள் இறந்தார்கள் என்பதை 1858இல் வரைபடம் போட்டே காட்டினார். உங்கள் மகளுக்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். பெருக்கல், வகுத்தல், தசமம் தப்பில்லாமல் வந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது உண்மையை. நடுராத்திரி, யாரும் பார்க்கவில்லை, ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை பக்கத்துக் கட்டில்காரருக்குப் போய்விட்டது. அந்த நிமிடமே போய்ச் சொல்லிவிட்டால் நோயாளியைக் காப்பாற்ற வழி இருக்கும். வீட்டில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டால் உங்கள் மகள் தானாக வந்து சொல்வாளா, மறைப்பாளா? சொல்கிறவள் என்றால் எனக்குப் பெரிய நம்பிக்கை.

இரவு டியூட்டி, கால் கடுக்க நிற்பது, ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் உண்டு. உடம்பு அதற்குத் தாங்க வேண்டும்.

அழுகைக்கு வருகிறேன். அழுவது தப்பே இல்லை. ஆனால் அடுத்த கட்டிலில் ஒருவர் காத்திருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போகத் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்து மனம்விட்டுப் பேச ஆளும் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

அடுத்த முறை வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், பக்கத்திலிருந்து கவனிக்கிற பொறுப்பை அவளிடம் கொடுங்கள். உடல் சூடு, குடித்த தண்ணீர், மாத்திரை கொடுத்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறிக்கட்டும். இரண்டாம் நாளும் குறிக்கிறாளா, "அப்பா இன்னைக்கு சரியாவே சாப்பிடலைம்மா" என்று நீங்கள் கேட்காமலே வந்து சொல்கிறாளா, பாருங்கள். அந்த நோட்டோடு அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.