விளக்குமாறும் ரப்பர் பாலும்

ஐயா, வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். ஓவியம் படித்த என் மகன் இப்போது தூரிகைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டான். வீட்டு விளக்குமாறு, ஜன்னல் துடைக்கும் வைப்பர், ஓடு பதிப்பவர்களின் பல் வைத்த கரண்டி, இதெல்லாம்தான் கருவி. போன மாதம் தோட்டத்திலிருந்து ஒரு டின் ரப்பர் பால் வாங்கி வந்து துணியில் ஊற்றிக் காய வைத்திருக்கிறான். படத்தில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். இது ஓவியமா, வித்தை காட்டுவதா?

அன்புள்ள சகோதரி,

வித்தையாகவும் இருக்கலாம், படத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? ஆனால் விளக்குமாற்றைப் பார்த்து அந்த முடிவுக்கு வராதீர்கள். எட் கிளார்க் என்ற அமெரிக்க ஓவியர் 1956 வாக்கில், பாரிஸில் இருந்தபோதே, துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டார். அகலமாக, நேராக, வேகமாக ஓர் இழுப்பு வேண்டும், தூரிகையில் அது வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கோலம் போடுவீர்கள்தானே? இருபது வருஷம் போட்ட பிறகு விரல் தானாகவே புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகும், மனம் அடுப்பில் இருக்கும். அழகாகத்தான் வரும், ஆனால் நேற்று வந்ததேதான் இன்றும் வரும். ஓவியனின் மணிக்கட்டுக்கும் இந்த வியாதி உண்டு. துடைப்பத்தைக் கொடுத்தால் மணிக்கட்டுக்கு வேலையில்லை, தோளும் இடுப்பும் வேலை செய்ய வேண்டும், அவை எதையும் பழகியிருக்காது.

ஜாக் விட்டன் என்ற இன்னொரு அமெரிக்க ஓவியர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1970களில் பன்னிரண்டு அடி அகலத்தில் மரத்தால் ஒரு கருவி செய்து, தரையில் விரித்த துணியில் அக்ரிலிக் வண்ணத்தைக் கனமாக ஊற்றி, ஒரே இழுப்பில் இழுத்தார். படம் சில நொடிகளில் முடிந்துவிடும். எந்த நிறம் அடியில், எது மேலே, எவ்வளவு காய விடுவது என்பதற்குத்தான் நாள்கணக்கில் பாடு. வித்தை என்று சிரிப்பவர்கள் அந்த நாட்களைப் பார்ப்பதில்லை.

ஆனால் ரப்பர் பால் விஷயத்தில் எனக்கு உங்கள் மகனோடு கொஞ்சம் சண்டை இருக்கிறது. என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அவர் வேலைச் சட்டையில் சிந்திய பால் முதலில் வெள்ளையாக இருக்கும், அப்புறம் தேன் நிறம், அப்புறம் கறுப்பு, எத்தனை தரம் துவைத்தாலும் போகாது. ஈவா ஹெஸ்ஸ என்ற கலைஞர், ஓவியத்தில் தொடங்கி சிற்பத்துக்குப் போனவர், 1969-இல் மெல்லிய துணியில் இந்தப் பாலைப் பூசி ஒரு பெரிய படைப்பு செய்தார். அடுத்த வருஷமே 34 வயதில் இறந்துபோனார். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கும் அது இன்று பழுப்பேறி, விறைத்து, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது, பல வருஷம் கிடங்கிலேயே கிடந்தது. பால் நிலைக்காது என்று அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்தார். உங்கள் மகனுக்கும் தெரியுமா, கேளுங்கள். கறுக்கட்டும் என்றுதான் ஊற்றினேன் என்றால் சரி, அது அவன் விருப்பம். வெள்ளையாகவே இருக்கும் என்று நினைத்திருந்தால் பினாங்கு வெயிலும் புழுக்கமும் அவனுக்குப் பாடம் நடத்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் உழைத்த குடும்பங்களிலிருந்து வந்த நம் ஆட்களிடம் ரப்பர் பால் பூசிய துணியைக் காட்டி 'தோட்டம்' என்று பெயர் வைத்தால் கண் கலங்கிவிடுவார்கள், படம் எப்படி இருந்தாலும். அந்தக் கைதட்டல் ரொம்ப மலிவு. அந்தத் துணிக்கு அவன் பெயர் எதுவும் வைக்காமல் இருந்தால் எனக்கு நிம்மதி.

ஒரு சின்ன யோசனை. அதே பாலை இரண்டு துண்டுத் துணியில் பூசி, பின்பக்கம் தேதி எழுதி, ஒன்றை ஜன்னலோரமும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டையும் எடுத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறி வரட்டும், நான் ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறேன், சேர்ந்து பார்க்கலாம்.

அப்புறம், வீட்டுக்கு வேறு விளக்குமாறு வாங்கிக்கொள்ளுங்கள். பழையதைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.