லெமுவேல் ஷா – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்த லெமுவேல் ஷா பற்றி எழுதியிருந்தீர்கள். 1836-ல் ஒரு அடிமைச் சிறுமியை விடுவித்தவர், 1851-ல் தப்பி வந்த அடிமை தாமஸ் சிம்ஸுக்காகப் போட்ட ஆட்கொணர்வு மனுவை ஏன் நிராகரித்தார்? வயதாக ஆகப் பயம் வந்துவிட்டதா?

கே.

அன்புள்ள கே,

பயந்த ஆள் என்று சொல்ல மாட்டேன். தொழிலாளர்கள் சங்கம் சேர்வது குற்றமில்லை என்று 1842-லேயே தீர்ப்பு எழுதியவர். முதலாளிகள் ரசித்திருக்க மாட்டார்கள்.

மெட் என்ற அந்த ஆறு வயதுக் குழந்தையை நியூ ஆர்லியன்ஸிலிருந்து பாஸ்டனுக்குக் கூட்டி வந்தது எஜமானியேதான். இந்த மாநிலத்தில் அடிமைமுறைக்குச் சட்டத்தில் இடமில்லை, பிடித்து வைத்துத் திரும்பக் கொண்டுபோக முடியாது என்றார் ஷா. ஆனால் தப்பியோடி வந்தவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களைத் திருப்பித் தரச் சொல்கிறது அமெரிக்க அரசியல் சாசனம் என்பதையும் அதே தீர்ப்பில் எழுதி வைத்தார். சிம்ஸ் மாட்டியது அங்கேதான். பதினைந்து வருடத்தில் ஷா மாறவே இல்லை.

கூட்டம் சிம்ஸை மீட்டுவிடுமோ என்று நீதிமன்றத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டியிருந்தார்கள். ஷா அதற்கடியில் குனிந்து உள்ளே போனார். அதைச் சொல்லியே அவரை வறுத்தெடுத்தார்கள் அடிமைமுறை எதிர்ப்பாளர்கள். சரி, சாசனம் கையைக் கட்டியது என்ற வாதம் எனக்குப் பிடிக்காவிட்டாலும் புரிகிறது.

எனக்குச் சமாதானமே ஆகாதது சாரா ராபர்ட்ஸ் வழக்கு. ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி. தனக்கு ஒதுக்கிய பள்ளிக்குப் போக, வெள்ளைப் பிள்ளைகளின் ஐந்து பள்ளிகளைத் தாண்டி நடக்கவேண்டும். அப்பா வழக்குப் போட்டார். சார்ல்ஸ் சம்னரும் கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸும் அவளுக்காக நின்றார்கள். 1850-ல் ஷா தள்ளுபடி செய்தார். கூடுதல் தூரம் அப்படியொன்றும் அதிகமில்லையாம். தப்பெண்ணத்தைச் சட்டம் உண்டாக்கவில்லையாம், சட்டத்தால் மாற்றவும் முடியாதாம்.

இங்கே எந்த மத்தியச் சட்டமும் அவர் கையைக் கட்டவில்லை. எல்லோரும் சமமாகப் பிறந்தவர்கள் என்ற மாநிலச் சாசனத்தைத்தான் சம்னர் எடுத்து வைத்தார். மெட்டுக்கு உதவிய அதே வரி சாராவுக்கு உதவவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியை இந்த வழக்கை வைத்துத்தான் அவரிடம் கேட்கவேண்டும்.

1855-ல் மாநிலச் சட்டமன்றமே பள்ளிகளில் அந்தப் பிரிவினையைத் தடை செய்துவிட்டது. ஆனாலும் தீர்ப்பு சாகவில்லை. ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி செல்லும் என்ற 1896 பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் துணைக்கு அழைத்தது. ஷா இறந்து அப்போது 35 வருடம்.