சூரியகாந்தி எண்ணெயின் ஒமேகா-6 மூளையில் அழற்சியை உண்டாக்குமா? செக்கு எண்ணெய்க்கு மாறலாமா?

எண்ணெயை மாற்றுவதால் மட்டும் நீங்கள் நினைக்கும் பலன் கிடைக்காது. (மூளை அழற்சி என்றதும் மூளைக்காய்ச்சலோ என்று பயப்பட வேண்டாம். இது மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா நெடுநாள் லேசாகத் தூண்டப்பட்டே இருக்கும் நிலை.)

சூரியகாந்தி எண்ணெயில் சுமார் 60 சதவீதம் லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பமிலம். உடல் அதை அராகிடோனிக் அமிலம் என்ற இன்னொரு ஒமேகா-6 ஆக்கும். அதிலிருந்து அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் வரும். பயத்துக்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஏட்டில் சரி. ஆனால் உடல் இந்த மாற்றத்துக்குக் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது. லினோலெயிக்கைக் கூட்டிக் கொடுத்த சோதனைகளில் ரத்தத்தின் அழற்சிக் குறியீடுகள் பொதுவாக ஏறவில்லை. மூளைக்குள் போவதும் பெரும்பாலும் எரிந்துவிடுகிறது.

குறை இருப்பது மறுபக்கம்: டிஹெச்ஏ. மூளைச் செல் சவ்வின் முக்கிய ஒமேகா-3 அது. அழற்சியை அடக்கும் ரிசால்வின், நியூரோபுரொடெக்டின் அதிலிருந்து உருவாகின்றன. கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாறினால் ஒமேகா-6 குறையும், ஒமேகா-3 கூடாது. செக்கில் ஆட்டினாலும் கொழுப்பமிலம் அதேதான்.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் 2 முறை மத்தி அல்லது கானாங்கெளுத்தி, குழம்பாக. முக்கிப் பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டிக்குப் போகும், சட்டி எண்ணெய் மீனுக்குள் வரும்.

சைவம் என்றால் எல்லோரும் ஆளி விதையைச் சொல்வார்கள். முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். பொடித்து, ஒரு வாரத்துக்கு மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள், காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். நல்ல உணவுதான். ஆனால் அதிலுள்ள ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3, டிஹெச்ஏவாக மாறுவது பலருக்கு 1 சதவீதம்கூடத் தேறாது. பாசி எண்ணெய் மாத்திரையில் டிஹெச்ஏ நேராகவே இருக்கிறது.

மாத்திரை வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். ‘மீன் எண்ணெய் 1000 மி.கி.’ என்று முன்னால் கொட்டை எழுத்தில் இருக்கும். பல டப்பாக்களில் இபிஏ (மீனிலுள்ள இன்னொரு ஒமேகா-3) 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மி.கி.தான் சரக்கு. ரத்த அணுச் சவ்வில் ஒமேகா-3 அளவு நிலைபெறவே 3, 4 மாதம் ஆகும். பத்து நாளில் மூளை தெளிந்தது என்பதெல்லாம் நம்பிக்கை.

வந்துவிட்ட அல்சைமருக்கு டிஹெச்ஏ மருந்தல்ல. 2010இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 402 நோயாளிகள். தினம் 2 கிராம் டிஹெச்ஏ 18 மாதம் எடுத்தவர்களுக்கும் நோயின் வேகம் குறையவில்லை. இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து தினம் 1 கிராமுக்கு மேல் போனால் இதயத் துடிப்பு சீர்குலையும் வாய்ப்பு கூடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.