படிக்காதவை: 4,318

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பல தளங்களில் வெளியாகும் புதியவற்றை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் செய்தியோடைத் திரட்டி ஒன்றை வைத்துக்கொண்டால், நாம் எதைப் படிப்பது என்பதை முகநூலும் வாட்ஸ்அப்பும் முடிவு செய்யும்படி விட வேண்டியதில்லை என்று சென்ற ஆண்டு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுப் பேத்தியின் உதவியோடு கைப்பேசியில் ஒரு திரட்டியை நிறுவிக்கொண்டேன். ('ஆர்.எஸ்.எஸ். ரீடர்' என்று அவள் சொன்னபோது நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு விழித்தது தனிக்கதை.)

நான் திருச்சியில் ரயில்வே அஞ்சல் சேவையில் 31 ஆண்டுகள் தபால் பிரித்து ஓய்வு பெற்றவன். வண்டி வருவதற்குள் மேஜை காலியாக வேண்டும். ஒரு கடிதம் தங்கிவிட்டாலும் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது. அந்தப் பழக்கமோ என்னவோ, இந்தத் திரட்டி என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. இப்போது 212 ஓடைகள் வைத்திருக்கிறேன். நாளிதழ், கல்வெட்டு, ரயில், சங்கீதம், சர்க்கரை நோய் என்று பொருள்வாரியாக ஒன்பது கோப்புறைகள். இன்று காலை 'படிக்காதவை 4,318' என்று காட்டியது. நேற்று இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து முந்நூறு தலைப்புகளைத் தள்ளினேன். விடிவதற்குள் நானூறு வந்து சேர்ந்துவிட்டது. சில நாட்கள் பயந்துகொண்டு அதைத் திறப்பதே இல்லை.

இதில் குறை என்னுடையதா, கருவியுடையதா? எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் என் மருமகன், அது சரிதானா? கடைசியாக ஒன்று: ஆண்டுக்கணக்கில் எதுவும் எழுதப்படாமல் கிடக்கும் ஓடைகள் நாற்பது இருக்கின்றன. அவற்றை நீக்கிவிடலாமா?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
ஸ்ரீரங்கம்

*

அன்புள்ள ஐயா,

வணக்கம். குறை உங்களுடையது அன்று. திரட்டியை வடிவமைத்தவர்கள் உங்கள் தொழிலிலிருந்து ஒரு பழக்கத்தை இரவல் வாங்கிப் பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டார்கள். அந்தத் தொழிலையே செய்தவர் என்பதால் அது மற்றவர்களைவிட உங்களைக் கூடுதலாக வதைக்கிறது.

ஓடை என்பது ஒரு சிறு கோப்பு. ஒரு தளத்தில் அண்மையில் வெளியான இடுகைகளின் தலைப்பு, சுட்டி, தேதி, சில வேளைகளில் முழு உரை ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளமென்றால், அதை நடத்துபவர் மாற்றாதவரை, கடைசிப் பத்து இடுகைகள். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் டான் லிப்பியும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவரான ராமநாதன் குஹாவும் இதன் முதல் வடிவத்தை உருவாக்கியபோதும் சரி, பிறகு அது பல கைகள் மாறியபோதும் சரி, நீங்கள் எதைப் படித்தீர்கள், எதைப் படிக்கவில்லை என்ற கணக்கு அந்தக் கோப்பின் வேலையாக இருந்ததே இல்லை. அதைச் சேர்ப்பது திரட்டிதான். அது குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு தளமாகப் போய்க் கோப்பை எடுத்துவந்து, புதியனவற்றைத் தன்னிடம் சேமித்து, நீங்கள் தொடாதவற்றை எண்ணிக் காட்டுகிறது.

எண்ணிக் காட்டும் இந்தப் பழக்கம் மின்னஞ்சலிலிருந்து வந்தது. மேக் கணினிகளுக்காக பிரெண்ட் சிம்மன்ஸ் 2002-இல் உருவாக்கிய நெட்நியூஸ்வயர் என்ற திரட்டி அன்றைய மின்னஞ்சல் மென்பொருளைப் போலவே மூன்று கட்டங்களாக இருந்தது: இடப்பக்கம் ஓடைகள், வலப்பக்கம் மேலே தலைப்புகள், கீழே உரை. மின்னஞ்சல் பார்க்கத் தெரிந்த யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாமல் அதைப் பயன்படுத்த முடிந்தது. முப்பது ஓடைகள் வைத்திருப்பவருக்கு அது நல்ல வடிவமைப்புதான். நான் அதைப் பழிக்க மாட்டேன். 2005 அக்டோபரில் வந்த கூகுள் ரீடர் என்ற திரட்டியும் எண்ணிக்கை காட்டுவதை விடவில்லை. அது 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது, அதன் பயனர்களைத் தம் பக்கம் இழுக்க முனைந்த திரட்டிகள் அதே தோற்றத்தையும் அதே எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டன. பழகிய வீடு போல இருந்தால்தானே வருவார்கள்.

ஆனால் கூகுள் ரீடரிலேயே இரண்டு ஒப்புதல் வாக்குமூலங்கள் இருந்தன. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் அது எண்ணுவதை நிறுத்திவிட்டு '1000+' என்று மட்டும் காட்டும். முப்பது நாட்களுக்கு மேல் படிக்காமல் கிடந்தவற்றைத் தானாகவே படித்தவையாக ஆக்கிவிடும். இந்தக் கணக்கு ஒருநாளும் தீராது என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் திரட்டியோ 4,318 என்று கடைசி இலக்கம் வரை சொல்கிறது.

உங்கள் மேஜைக்கு வந்த ஒவ்வொரு உறையிலும் ஒரு முகவரி இருந்தது. அந்த முகவரியில் ஒருவர் காத்திருந்தார். அது தங்கிவிட்டால் நட்டம் அவருக்கு. ஆகவே மேஜையைக் காலி செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது என்ற விதிக்குப் பொருள் இருந்தது. ஓடையில் வருவனவற்றில் உங்கள் முகவரி இல்லை. நீங்கள் படிக்காமல் விட்டதால் மணியார்டர் கிடைக்காமல் போனவர் யாரும் இல்லை. வீட்டுக்கு வரும் நாளிதழில் முக்கால்வாசிப் பத்திகளை நாம் படிப்பதில்லை; மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரர் தராசில் வைக்கும்போது எத்தனை பத்தி படிக்காமல் விட்டோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதும் இல்லை. திரட்டி அந்தக் கணக்கைப் பார்க்கிறது, அதையும் தடித்த எழுத்தில். அதிலிருந்து தப்பிக்க அது தரும் பொத்தானின் பெயரோ 'அனைத்தையும் படித்ததாகக் குறி'. படிக்காததைப் படித்ததாக ஒப்புக்கொள்ளச் சொல்லும் அந்தப் பெயரே தவறு. 'போகட்டும்' என்று பெயர் வைத்திருந்தால் பாதிப் பேருடைய மனம் லேசாகியிருக்கும்.

எண்ணிக்கை இல்லாமலும் திரட்டி இருக்க முடியும். ஓடை வடிவத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவரான டேவ் வைனர், புதியது மேலே, பழையது கீழே என்று எல்லாம் ஒரே ஆறாக ஓட வேண்டும், கரைக்கு வந்தவர் கண்ணில் பட்டதைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நெடுநாள் வாதாடியவர். தமிழில் நாம் இதை முன்பே அனுபவித்திருக்கிறோம். 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், வலைப்பதிவுகளின் ஓடைகளை எல்லாருக்கும் பொதுவான ஒரே பக்கத்தில் ஓடவிட்டது. நாள் முழுதும் வெளியே போய்விட்டு இரவில் வந்தால் காலையில் வந்த இடுகைகள் கீழே போயிருக்கும். போனதைப் பற்றி யாருக்கும் குற்ற உணர்ச்சி இருந்ததில்லை. வேறு தொல்லை இருந்தது. புதிதாக மறுமொழி பெற்ற இடுகைகளுக்குத் தனி வெளிச்சம் கிடைத்ததால், தம் பதிவில் தாமே மறுமொழி போட்டுக்கொண்டு முகப்பில் நிற்க முயன்றவர்கள் உண்டு. 'பின்னூட்டக் கயமை' என்று அதற்கு அன்றே பெயர் வைத்துச் சிரித்தோம்.

ஆறு எல்லாவற்றுக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். நாளுக்கு 80 செய்திகள் வெளியிடும் ஒரு நாளிதழின் ஓடையையும், மாதம் ஒரு கட்டுரை எழுதும் கல்வெட்டு ஆர்வலரின் ஓடையையும் ஒன்றாக விட்டால், 30 நாட்களில் முன்னதிலிருந்து 2,400 வரும், பின்னதிலிருந்து ஒன்று வரும். அந்த ஒன்றுக்காகத்தான் நீங்கள் திரட்டியையே நிறுவியிருப்பீர்கள். நாளிதழைத் தேடிப் போக உங்களுக்குத் திரட்டி தேவையில்லை. எப்போது எழுதுவார் என்று தெரியாத ஒருவருடைய வாசலை நாள்தோறும் போய்ப் பார்த்துவிட்டு வரத்தான் அது தேவை. ஒரே இரவில் நானூறு சேர்ந்ததென்றால், அதில் பெரும்பங்கு ஏழெட்டு ஓடைகளிலிருந்து வந்திருக்கும். ஓடைகளின் பட்டியலில் ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே என் யோசனை, பொருள்வாரியாகப் பிரித்த ஒன்பது கோப்புறைகளையும் கலைத்துவிட்டு, எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரியுங்கள் என்பதுதான். வாரம் ஒன்றோ அதற்கும் குறைவாகவோ வருபவை 'அரிதானவை'. நாளுக்கு ஒன்றிரண்டு வருபவை 'அன்றாடம்'. மற்றவை எல்லாம் 'வெள்ளம்'. பதிவுத் தபாலையும் சாதாரணத் தபாலையும் ஒரே குவியலில் போட்டுப் பிரித்தவர் அல்லர் நீங்கள்; பதிவுத் தபாலுக்குத் தனிப் பட்டியல் இருந்தது, கைமாறும்போது கையெழுத்து இருந்தது. அந்த மரியாதை 'அரிதானவை' கோப்புறைக்கு மட்டும் போதும். அங்கே எண்ணிக்கை இருக்கட்டும். நாளுக்கு நான்கோ ஐந்தோதான் இருக்கும், முழுவதும் படித்து முடித்து மேஜையைக் காலி செய்த நிறைவும் உங்களுக்குக் கிடைக்கும். 'வெள்ளம்' கோப்புறையில், திரட்டி இடம் கொடுத்தால், எண்ணிக்கையை அணைத்துவிடுங்கள். ஃபீட்லி போன்ற திரட்டிகளில் ஒரு நாளுக்கு அல்லது ஒரு வாரத்துக்கு முந்தையவற்றை மட்டும் படித்தவையாகக் குறிக்கும் வசதி இருக்கிறது. இன்றைய 4,318-ஐ அப்படியே அதனிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

வெள்ளத்தைக் குறைக்க வடிகட்டி வைக்கலாம். குறிப்பிட்ட சொல் தலைப்பில் இருந்தால் அந்தச் செய்தியை மறைக்கும் வசதி பல திரட்டிகளில் உண்டு. ஆனால் அவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்றவுடன் உருமாறும் என்பது அவற்றுக்குத் தெரியாது. 'தேர்தல்' என்று வடிகட்டி வைத்தேன். 'தேர்தலில்', 'தேர்தலுக்கு' எல்லாம் தப்பி வந்துகொண்டே இருந்தன. கணினிக்குப் புள்ளி தனி எழுத்து. லகரத்தின் மேல் இருந்த புள்ளி போய் இகரம் ஏறியதும் அது வேறு சொல்லாகிவிடுகிறது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 'தேர்தல' என்று கொடுத்தபோது எல்லாம் அகப்பட்டன. இந்த உற்சாகத்தில், நாள்தோறும் வரும் தங்க விலைச் செய்திகளைத் தடுக்க 'தங்க' என்று வைத்தேன். விலை போனது, கூடவே தங்கை என்ற தலைப்பில் வந்த ஒரு நல்ல சிறுகதையும், விடுதியில் தங்கிய அமைச்சரும் போய்விட்டார்கள். அமைச்சருக்காக நான் வருந்தவில்லை. வடிகட்டியை அளந்து வையுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மருமகனின் யோசனையை முழுவதும் தள்ள மாட்டேன். ஒரே செய்தியை ஐந்து நாளிதழ்கள் ஐந்து தலைப்பில் வெளியிடும்போது, அதைச் சுருக்கி ஒன்றாக்கித் தரும் இயந்திரத்தால் பயன் உண்டு. 'வெள்ளம்' கோப்புறையை அதனிடம் விடுங்கள். மற்ற இரண்டையும் விடாதீர்கள். ஒருவர் ஒரு கல்வெட்டில் சிதைந்த மூன்றாவது வரியை ஏன் இப்படிப் படிக்க வேண்டும் என்று இரண்டாயிரம் சொற்களில் வாதிட்டிருப்பார். சுருக்கம் உங்களுக்கு 'சோழர் காலக் கல்வெட்டு பற்றிய புதிய கருத்து' என்ற ஒரு வரியைத் தரும். அந்த வரிக்காக யாரும் அந்தத் தளத்தைத் தொடர்வதில்லை.

நீங்கள் கேட்காத ஒரு குறையையும் சேர்த்துவிடுகிறேன். ஒரு தளத்துக்கு ஓடை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே இப்போது சிரமமாகிவிட்டது. 2018 டிசம்பரில் வந்த 64-ஆம் பதிப்போடு ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன்னுள் இருந்த ஓடை வசதியை நீக்கிவிட்டது. தளங்களிலும் ஓடையைக் குறிக்கும் அந்த ஆரஞ்சு நிறச் சின்னத்தைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. சின்னம் இல்லாவிட்டாலும் ஓடை பெரும்பாலும் இருக்கும். தளத்தின் முகவரியையே திரட்டியில் இட்டுப் பாருங்கள், பல வேளைகளில் அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

பேசாமல் கிடக்கும் நாற்பது ஓடைகளை நீக்க வேண்டாம். திரட்டி அங்கே போய் 'மாற்றம் உண்டா' என்று கேட்கும். தளங்களைத் தாங்கி நிற்கும் கணினிகளான வழங்கிகளில் பெரும்பாலானவை '304' என்ற எண்ணோடு 'இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடும். படிக்காதவை எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறாது. நாற்பதையும் 'அரிதானவை' கோப்புறையில் போட்டு வையுங்கள். ஏரி மதகுகளைப் பற்றி மட்டும் எழுதும் ஒருவருடைய ஓடை என்னிடம் நான்கு ஆண்டுகள் அப்படிக் கிடந்தது. ஒரு நாள் அதில் ஓர் இடுகை வந்தது: பழைய மதகு ஒன்றின் தூணில் எழுத்துகள் இருக்கின்றன, கரையைப் பலப்படுத்தும் வேலை தொடங்கப்போகிறது, அதற்குமுன் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம் என்று. அப்போது நானும் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் ஓடவிட்டிருந்தேன். இரண்டு தங்க விலைச் செய்திகளுக்கு நடுவே அது ஐந்து வாரம் கிடந்திருக்கிறது. படித்தவுடன் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "மதகு போன மாதமே போய்விட்டதே சார், படம் இருக்கிறது, அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

அன்புடன்,
எழுத்தாளர்