லைசென்ஸைப் போலீஸ் வாங்கிவைத்துக்கொண்டால் வண்டி ஓட்டலாமா?

வாகனச் சோதனையில் உரிமத்தைக் காவலர் எடுத்துக்கொண்டால், பதிலுக்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். உரிமம் அவரிடம் இருக்கிறது என்பதற்கான எழுத்துச் சான்று அது. சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன் மாதிரி.

வழக்குக்கு வராமல் ஓட்டுநர் நழுவிவிடுவார் என்று கருதினால் உரிமத்தைக் கைப்பற்றி நீதிமன்றத்துக்கு அனுப்ப, இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 206 இடம் தருகிறது. அதற்காகப் பிழைப்பு நின்றுவிடக் கூடாதே! எனவே சீட்டில் குறித்த தேதிவரை அதைக் காட்டி ஓட்டலாம். சீட்டு தருவது சலுகையன்று, காவலரின் கடமை. குரலை உயர்த்தாமல் கேளுங்கள், போதும்.

எந்தச் சீட்டு இருந்தாலும் ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டுவது போன்ற குற்றங்களுக்காக, 2019 திருத்தத்தின்படி உரிமத்தைக் கைப்பற்றினால் சீட்டு கிடைக்கும், ஓட்டும் அனுமதி கிடைக்காது.