19ஆம் நூற்றாண்டில் சேலத்தில் அரசு வழக்கறிஞரின் பணி எப்படி இருந்தது?

தாசில்தார் பதவியைப் போல முழுநேர உத்தியோகமாக இதை எண்ணிவிட வேண்டாம். அரசு வழக்கறிஞரை நியமிக்கும் அதிகாரம் மாகாண அரசிடம் இருந்தது. பெரும்பாலும் உள்ளூர் வக்கீல்களில் பெயர் பெற்ற ஒருவருக்கே அது போய்ச் சேரும். அவர் தன் சொந்த வழக்குகளையும் நடத்திக்கொள்வார். கட்டணத்தைவிடக் கலெக்டர் அலுவலகமான கச்சேரியில் கிடைத்த மதிப்புதான் பெரிய வருமானம் என்பேன்.

வேலை என்ன? 1882ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டும் அரசுத் தரப்பை அவர்தான் நடத்த வேண்டும். விசாரணை ஜூரியுடனோ நீதிபதிக்குக் கருத்துச் சொல்லி உதவும் அசெசர்களுடனோ நடக்கும். அசெசர்கள் ஒவ்வொருவரும் வாய்மொழியாகக் கருத்துச் சொல்வார்கள். நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். எனவே அவர்களை மட்டும் கவர்ந்து பயனில்லை, நீதிபதியை நம்பவைக்க வேண்டும். நீதிமன்ற அனுமதியுடன் வழக்கைத் திரும்பப் பெறலாம். ஒருவர் விடுதலையானால், அரசு உத்தரவிட்டால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் செய்யலாம். இந்தக் கடைசி அதிகாரம் கொஞ்சம் கடுமையானது. விடுதலையானவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

அரசுத் தரப்பு வென்றும் நிலைக்காத வழக்குக்குச் சேலமே சாட்சி. 1882இல் சேலத்தில் நடந்த கலவரம் தொடர்பான வழக்கில் சேலம் வக்கீலும் நகராட்சி உறுப்பினருமான விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவரே 1920இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.